செவலைக்குப் பார்த்த ஜோடி

புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும், ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். தை மாதம் கல்யாணமான அத்தை விஷயத்தில் பாதி வழக்கம்தான் நடந்தது. ஆடிக்கு வந்தவள் ஆவணியில் போகவில்லை. புரட்டாசி, ஐப்பசி போய், எங்கள் ஊரான தேவிபட்டினத்தில் கார்த்திகை மழையும் பிடித்துவிட்டது. அத்தை மொட்டைமாடியில் தன் மீன் தொட்டிகளோடு இருந்தாள். எனக்கு ஒன்பது வயது. இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

அத்தை என் அய்யாவின் தங்கை. கல்லூரியில் படித்தபோதே சிக்லிட் என்ற குட்டி வண்ணமீன் வளர்க்க ஆரம்பித்தவள். விரல் நீளம்தான் இருக்கும். ஆணுக்கு வாலெல்லாம் சிவப்பு, முதுகில் சேவல் கொண்டை மாதிரி தூக்கி நிற்கும் துடுப்பு. எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாது என்பதால், மாடியில் விழும் மழைத் தண்ணீரைக் கறுப்பு டேங்கில் பிடித்து வைத்திருப்பாள். "கடலை வாசல்ல வச்சுக்கிட்டு மீனுக்கு மழைத்தண்ணி தேடுறவ இவ ஒருத்திதான்" என்பாள் அம்மா.

ஜோடி சேர்ப்பதில் அத்தை படுத்தும் பாடு இருக்கிறதே, மாட்டுக்குச் சுழி பார்ப்பவர்கள் தோற்றார்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு மீனுக்கும் நிறம், வால், முதுகுத் துடுப்பு, குணம் என்று நான்கு கட்டம். முதல் மூன்றை ஒரே நாளில் நிரப்பிவிடுவாள். குணம் என்ற கட்டம் மட்டும் காலியாகவே கிடக்கும். தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, ஆணை ஒரு பக்கமும் பெட்டையை மறுபக்கமும் விட்டு, பத்து நாள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் நல்ல சிவப்பில் ஓர் ஆண் வந்திருந்தது. செவலை என்று நான்தான் பெயர் வைத்தேன். மதுரை மீன்கடைக்காரர் அதன் குஞ்சுகளுக்கு இப்போதே சொல்லி வைத்திருந்தார். மறுபக்கம் மஞ்சள் பெட்டை ஒன்று. அது இரை எடுக்க வரும்போதெல்லாம் செவலை கண்ணாடியில் வந்து முட்டும்.

"ஆசையில முட்டுது அத்தை, சேத்து விடுங்க" என்றேன்.

"ஆசைக்கும் அதட்டுக்கும் வித்தியாசம் இருக்குத்தா. தடுப்பத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கார் வந்து நின்றது. அத்தையின் வீட்டுக்காரரான என் மாமாவும், அவருடைய பெரியப்பாவும், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். அத்தையை அழைத்துப்போக வந்திருந்தார்கள். அம்மா அவசர அவசரமாக அத்தையின் பையில் சேலைகளை அடுக்கினாள். அய்யா மாடிக்கு ஏறிவரக்கூட இல்லை. பாதிப் படியில் நின்றே பேசினார்.

"எந்தக் குடும்பத்துல சண்டை இல்ல? கொஞ்ச நாள் இருந்தாப் பழகிரும். நாலு பேரு வந்து உக்காந்திருக்காக, எம் மரியாதையையும் பாரு தாயி."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள்.

அத்தை போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்போதுதான் அவள் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. தொட்டியில் முட்டை இருந்தால் பத்து நாளைக்கு அவளால் எங்கேயும் நகர முடியாதாம். முட்டை வர வேண்டும், அவ்வளவுதானே. நான் தடுப்பை மேலே உருவி எடுத்தேன்.

செவலை ஒரு கணம் நின்றது. பிறகு நேராகப் பாய்ந்தது. பெட்டை தொட்டியில் கிடந்த கொட்டாங்குச்சிக்குள் ஓடியது. செவலை உள்ளே போய்த் துரத்தியது. பெட்டை கல்லுக்குப் பின்னால் ஒளிந்தது, செவலை அங்கேயும் வந்தது. துடுப்பின் ஒரு துண்டு தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தேன். கண்ணாடியைத் திரும்பச் செருகப் பார்த்தேன், சரியாக இறங்கவில்லை. கூப்பிடலாம் என்றால் தப்பு வெளியே தெரிந்துவிடும். கீழே பெரியவர்கள் சிரித்துப் பேசும் சத்தம் வேறு.

கடைசியில் பெட்டை தண்ணீர்மட்டத்துக்கு வந்து, மேல் மூலையில் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. செவலையும் விலகிப்போய் இரை பொறுக்கியது. அப்பாடா, சமாதானம் ஆகிவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது.

கிளம்பும் முன் நோட்டை எடுக்க அத்தை மாடிக்கு வந்தாள். நல்ல சேலை, தலையில் பூ. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அத்தை, சேத்து விட்டுட்டேன். மொதல்ல சண்டை போட்டுச்சு. இப்பச் சத்தமே இல்ல. பழகிருச்சு!"

அடிப்பாள் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. வலையை எடுத்து, பெட்டையை மெல்ல ஏந்தி, வாளியில் மழைத் தண்ணீர் மொண்டு அதில் விட்டாள். குனிந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக் கையோடு படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன்.

"நான் வரல" என்றாள், கூடத்தின் நடுவில் நின்று. "இன்னைக்கு மட்டுமில்ல. இனிமே எப்பவும் வரல."

மாமாவின் பெரியப்பா ஏதோ சத்தம் போட்டார். மாமா அத்தையைப் பார்க்காமல் அய்யாவைப் பார்த்தார். கார் கிளம்பியபோது காபி டம்ளர்களில் ஆடை படிந்திருந்தது. அத்தை மீனைப் பார்த்துக்கொள்ளத்தான் நின்றுவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் அய்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டி டேங்கின் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். சண்டை போடத்தான் வந்திருந்தார். வாளியைப் பார்த்ததும் நின்றார். துடுப்பு கிழிந்து, செதில் உரிந்து, பெட்டை வாளியின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது.

"என்னத்தா இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒடுங்கி நின்றதைப் பழகிவிட்டது என்று நினைத்ததையும் சொன்னேன்.

"எம்புட்டு நேரம் சேத்து விட்ட?"

"அரை மணி நேரந்தான் அய்யா."

அய்யா வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தோள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மதுரைக்காரரிடம் வாக்குக் கொடுத்த மீனாயிற்றே, அதனால்தான் என்று நினைத்து அவர் முழங்காலைத் தடவினேன்.

"அழாதீக அய்யா. அது சாகாது. துடுப்பு திரும்ப வளந்துரும்."

அவர் இன்னும் அதிகமாக அழுதார். அத்தை அந்த வீட்டில் இருந்தது தையிலிருந்து ஆடி வரை ஆறு மாதம் என்று விரல் விட்டு எண்ண எனக்கு அப்போதே தெரியும். எண்ணிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.