எதிர் உலக்கை

"நிறுத்துறியா இல்லையாடி? வயித்துப் பிள்ளைக்காரி படுத்திருக்கா—"

"நிறுத்தினா நெல்லு ஆறிடும் அக்கா. ஆறின நெல்லு அவலாகாது, நொறுங்கி—"

"நொறுங்கட்டும். எம் பொண்ணு கண்ணசந்து—"

"இந்த ஒரு வறுவலுதான், இதோட—"

"நேத்தும் இதையேதான் சொன்னே."

சுவருக்கு இந்தப் பக்கம் நாகம்மாள். அந்தப் பக்கம் வேம்பு. முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டிருந்தால் பாதியில் ஒருத்திக்காவது சிரிப்பு வந்திருக்கும். இது இரண்டு வீட்டுக்கும் பொதுவான மண் சுவரைப் பார்த்துப் போட்ட சண்டை, அதனால் ஓயவில்லை. இரண்டு குரலுக்கும் மேலே உலக்கைகள் மட்டும் நிதானமாக விழுந்துகொண்டிருந்தன. தொம்... தொம்... தொம்... தொம்...

இது நடந்தது. குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்துத் தெரு ஒன்றில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்தத் தெருப் பெண்கள் உச்சிப்பொழுதில் இன்றும் உலக்கை பிடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

உதயசூரியன் ஆட்சிக்கு வந்து மூன்றாவது தை அறுவடை அது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. வேம்பின் புருஷன் ரெத்தினம் மனுப் போட்டான். அவன் அப்பன் காலத்திலிருந்து உழுத நிலம். மனுப் போட்ட சேதி எட்டியதும் பண்ணை வேறு பேச்சுப் பேசியது: நீ குத்தகைக்காரனே இல்லை, கூலிக்காரன். அறுத்து அடித்த நெல்லையெல்லாம் பண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு, களத்தில் இரண்டு கலத்தை அவன் முன்னால் தள்ளிவிட்டுப் போனார்கள்.

அதற்குமேல் அவனிடம் நெல் கிடையாது என்றுதான் ஊர் நினைத்தது.

வேம்பு அவல் இடித்து விற்க ஆரம்பித்தாள். ஊறவைத்த நெல்லைச் சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் கொட்டி இடிக்க வேண்டும். ஒரே உரல், எதிரெதிரே இரண்டு பேர். ஒரு உலக்கை ஏறும்போது மற்றது இறங்க வேண்டும். எதிர் உலக்கைக்கு வேம்பு வேறு பெண்ணைக் கூப்பிடவில்லை. புருஷனையே நிறுத்திக்கொண்டாள். தெரு சிரித்தது.

"மீசைய வச்சுக்கிட்டு உலக்கை போடுறியே ரெத்தினம்?"

"மீசைதான் காத்துல ஆடி மறைக்குது. இல்லேன்னா இன்னும் வேகமாப் போடுவேன்" என்பான் அவன்.

நாகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒரே மகள் அம்சவல்லிக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. இது இரண்டாவது, எட்டாம் மாதம். பிள்ளை அசைவு குறைவாக இருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். உலக்கைச் சத்தத்துக்குத்தான் பிள்ளை பயந்து சுருண்டுகிடக்கிறது என்று நாகம்மாள் நம்பினாள். சொல்லிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். சாணிச் சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தும் பார்த்தாள்.

ஒரு நாள் வாய்க்கால் மதகடியில் பண்ணைக் காரியக்காரர் துரைராசு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் கண்டிச்சு வைங்க. ஒரு மாசமா பகலு ராத்திரி பாக்காம அவல் இடிக்கிறாங்க. எம் பொண்ணு தூங்க முடியலீங்க."

"ஒரு மாசமாவா?"

"ஆமாங்க. ஓயவே மாட்டேங்குது."

துரைராசு சைக்கிளை நிறுத்தினார். "அவனுக்குக் களத்துல விட்டது ரெண்டு கலம். மாசம் பூரா இடிக்க நெல்லு ஏது நாகம்மா?"

நாகம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. பண்ணை வண்டி வருமுன்பே ரெத்தினம் அறுவடையில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறான். மில்லுக்குக் கொண்டுபோனால் பண்ணைக்குச் சேதி போகும் என்றுதான் வீட்டிலேயே இடிக்கிறார்கள். வெளியாள் வாய் திறந்துவிடும் என்றுதான் எதிர் உலக்கைக்குப் புருஷன்.

"வெளி நெல்லா இருக்குங்க ஐயா... யாராவது கொடுத்து..."

சைக்கிள் பாதித் தெரு போய்விட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி வந்தது, போலீசும் வந்தது. நாகம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மூட்டைகள் இழுபடும் சத்தம். வேம்பின் அலறல். ரெத்தினம் வண்டிக்கு முன்னால் நின்று, "நான் உழுத நெல்லுங்க" என்று சொன்னது கேட்டது. பிறகு தடி விழும் சத்தம். அதற்குப் பிறகு அவன் குரல் கேட்கவில்லை.

வேம்பு வீட்டைப் பூட்டிவிட்டு, அவனையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போன வண்டிக்குப் பின்னால் வெறுங்காலோடு ஓடினாள்.

மறுநாள் காலை தெருப் பெண்கள் முச்சந்தியில் கூடினார்கள். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறாள். யார் என்று தெரியாதபோது மண்ணை வாரித் தூற்றுவது அந்த ஊர் வழக்கம். ராசம்மாள்தான் முதலில் அள்ளினாள். "சொன்னவ வம்சம் விளங்காமப் போக."

ஒவ்வொருத்தியாக அள்ளினார்கள். நாகம்மாள் சும்மா நின்றாள். ராசம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் நாகம்மா, உனக்குக் கை வலிக்குதா?"

நாகம்மாள் குனிந்தாள். கொஞ்சம் மண்தான் எடுத்தாள். விரல் நுனியில் எடுத்து, உதட்டுக்குள்ளேயே சொல்லி, காற்றில் விட்டாள். திரும்பி வரும்போது அந்தக் கையை வாய்க்காலில் மூன்று தடவை கழுவினாள். நகக்கண்ணில் இருந்த மண் போகவில்லை.

அன்று பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியது. தெருவில் வெயில் மட்டும் இருந்தது.

தொம்...

நாகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

தொம்...

"வேம்பக்கா வந்துட்டாங்களாம்மா?" அம்சவல்லி படுத்தபடியே கேட்டாள்.

நாகம்மாள் வெளியே போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. கூரையில் புகை இல்லை. வறுத்த நெல்லின் வாசமும் இல்லை. ஆனால் சத்தம் உள்ளே இருந்தது. ஒவ்வொரு தடவையும் பொதுச் சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரு உலக்கைதான் விழுந்தது. அது விழுந்ததும் ஓர் இடைவெளி. எதிராளி போட வேண்டிய இடம்... வெறுமையாக. அப்புறம் மறுபடி. தொம்... காத்திருத்தல்... தொம்...

யாருக்காகவோ நின்று நின்று இடித்தது.

உச்சி சாய்ந்ததும் ஓய்ந்தது. மறுநாள் சங்கு ஊதியதும் தொடங்கியது. அதற்கு மறுநாளும்.

"அம்மா, இங்க வாயேன்." அம்சவல்லியின் முகத்தில் சிரிப்பு. "நர்ஸம்மா அசைவு கம்மின்னாங்கள்ல? இப்பப் பாரு."

நாகம்மாளின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

தொம்... என்றது சுவர்.

வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை.

தொம்...

உதை.

தொம்...

உதை.

இடைவெளி தப்பவில்லை. உலக்கை ஏறும்போது பிள்ளை உதைத்தது.

நாகம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நல்லாத்தானே உதைக்குது?"

"ம்."

அடுத்த நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. சுவரில் கன்னத்தை வைத்து, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "போதும் ரெத்தினம். தெரியாமச் சொல்லிட்டேன். நிறுத்திடுப்பா."

சத்தம் நின்றது.

சட்டென்று. அவள் சொல்லி முடித்த இடத்தில்.

"அம்மா..." என்றாள் அம்சவல்லி. "பிள்ளை நின்னுடுச்சு."

நாகம்மாள் ஓடிவந்து வயிற்றைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது. தடவினாள், தட்டினாள். ஒன்றுமில்லை. ஈக்கள் பறப்பது கேட்டது. அவள் மறுபடி சுவரிடம் போனாள். இத்தனை நாள் எதை ஓயச் சொல்லிக் கத்தினாளோ, அதையே கேட்டாள்.

"இடிப்பா... நிறுத்தாதே... இடி..."

நீண்ட நேரம் கழித்து...

தொம்...

வயிற்றில் உதை.

அதன்பின் நாகம்மாள் உச்சிப்பொழுதுக்காகக் காத்திருந்தாள். சங்கு ஊதினால் மகளின் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்துகொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சங்கு ஊதியது.

சத்தம் வரவில்லை.

அம்சவல்லி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "காலையிலேருந்தே அசையலேம்மா. உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

நாகம்மாள் வயிற்றில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

நாகம்மாள் எழுந்து ஓடினாள். வேம்பு உள்ளே நின்றிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நாகம்மாள் அதைப் பார்த்தாள், பார்த்தும் கேட்கவில்லை.

"வேம்பு... ஒரே ஒரு தடவை இடிடி. உன் காலைப் புடிக்கிறேன்."

"எதுல அக்கா இடிக்கிறது?"

வேம்பு தரையைக் காட்டினாள். உரல் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் மேல் சிலந்தி நூல் கட்டியிருந்தது, அறுபடாமல்.

"உரலு, உலக்கை எல்லாத்தையும் அன்னைக்கே மூட்டையோட ஏத்திட்டாங்களே. நீங்க பாக்கலையா?"

நாகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில அவருக்கு நெனவே திரும்பலே" என்றாள் வேம்பு. அழுது ஓய்ந்த குரல். "ஆனா உச்சிப்பொழுதானா கை மட்டும் ஏறி இறங்கும். கட்டில்ல கட்டிப் போட்டாங்க, அப்பவும் இழுத்துச்சு. ஒரு தடவை இறங்கும், அப்புறம் அப்படியே நிக்கும். எதிராளி போடட்டும்னு நிக்கிற மாதிரி. நான்தானே எதிராளி? என் கையக் கொடுத்தேன். தள்ளிவிட்டுட்டாரு."

"வேம்பு..."

"நேத்துக் கண்ணு முழிச்சாரு. ஒரு தடவைதான். 'நீ வேணாம், எனக்கு எதிர் உலக்கைக்கு ஆளு கெடைச்சாச்சு'ன்னாரு. 'சின்னக் கைதான், தாளம் தப்பலே. போகும்போது கூட்டிக்கிட்டுப் போறேன்'னாரு. இன்னைக்கு வெடியக்காலையில போயிட்டாரு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்சவல்லி விசும்புவது கேட்டது. வேம்பு தலையைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நாகம்மாளைப் பார்த்தாள்.

"யாரைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னாரு அக்கா?"