மேல்தட்டு ஊற்று

மரம் வெட்டுகிறவர்கள் கோடாலியோடு வந்து நின்ற அந்தக் காலையில், என் மதினி தன் பழைய சேலையை நீளவாக்கில் கிழித்தாள். எதற்கென்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. கேட்கவும் பயம். மதினி என்றால் என் அண்ணன் பெண்சாதி. என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஆனால் அவள் வாய் திறந்தால் அடுத்த மலை வரைக்கும் கேட்கும், நான் பேசினால் எனக்கே கேட்காது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடுகளிலேயே தங்கியிருந்தோம். தோட்டத்தின் மேல்தட்டில் பலாவும் சந்தனவேம்புமாகப் பதினொரு பெரிய மரங்கள். அவற்றின் வேருக்குக் கீழேதான் ஊற்று. நாங்கள் குடிப்பதும் அது, ஏலச்செடிக்கு ஈரமும் அது. சுற்றியிருந்த தோட்டக்காரர்கள், வெயில் விழுந்தால் காய் கூடும் என்று மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். இரண்டு வருசம் கூடத்தான் செய்தது. பிறகு மழைக்கு மண் சரிந்தது, ஓடை வற்றியது. மொட்டைச் சரிவுகளுக்கு நடுவில் எங்கள் தோட்டம் மட்டும் கடலுக்குள் தீவு மாதிரிப் பச்சையாக நின்றது. அந்தப் பதினொன்றும் போனால் எங்களுக்குத் தண்ணீரும் இல்லை, சோலியும் இல்லை.

போடியிலிருந்த முதலாளி ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். ‘மேல்தட்டில் நிழல் எடுக்கவும்.’ ஏலக்காட்டில் நிழல் எடுப்பதென்றால் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவது. மலைக்குப் புதிதாக வந்திருந்த கணக்கப்பிள்ளை, மரத்தையே எடுக்கச் சொன்னதாக நினைத்து ஆட்களை ஜீப்பில் கூட்டி வந்துவிட்டார். அஞ்சாவது வரை படித்த நான் அவர் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்து வாசித்துவிட்டேன். ஆம்பளைகள் முன்னால் நாக்கு எழும்பவில்லை. கிளையைக் கழிக்கத்தான் எழுதியிருக்கிறது என்று மதினி காதில் சொன்னேன். அவள் அதைக் காடே கேட்கும்படி சொன்னாள்.

“நிழலைக் கையால அள்ளியா எடுக்க முடியும்? மரத்தத்தான் எடுக்கணும்” என்றார் கணக்கப்பிள்ளை. “போயி சோலியப் பாரு ஆத்தா. எனக்குத் தமிழ் சொல்லித்தர வந்துட்ட.”

மதினி மல்லுக்கு நிற்கவில்லை. ஜீப்பு டிரைவரிடம், “அண்ணே, வெரசா போயி மொதலாளியக் கூட்டியாங்க” என்று சொல்லிவிட்டு வந்துதான் சேலையைக் கிழித்தாள்.

காய் எடுக்கும்போது கைப்பிள்ளைகளை நிழல்மரத்தில் தொட்டில் கட்டிப் போடுவது எங்கள் வழக்கம். பிள்ளை தூங்குகிற மரத்தில் கோடாலி வைக்க எந்த வெட்டுக்காரருக்கும் மனசு வராது. ஆனால் எங்களிடம் இருந்ததோ நாலு பிள்ளைகள். ஆளாளுக்குச் சேலை கொண்டுவந்து பதினொன்றிலும் கட்டினோம். மீதி ஏழு தொட்டிலில் சாக்கு, சருகு மூட்டை. ஒன்றில் லயத்துக்குப் பின்னால் காய்த்த பூசணிக்காய்.

வெட்டுக்காரர்களில் பெரியவர் சரியாகப் பூசணிக்காய்ப் பக்கம் வந்து நின்றார். “என்னத்தா, இந்தப் பிள்ள அசையவே மாட்டேங்குது?”

“பால் குடிச்ச மயக்கம்ணே.” மதினி என் விலாவில் இடித்தாள். “பாடு புள்ள, முழிச்சிரப் போகுது.”

நாலு பேர் முன்னால் வாய் திறந்தறியாத நான், பூசணிக்காய்க்குத் தாலாட்டுப் பாடினேன். முதல் அடி எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். இரண்டாவது அடிக்கு மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. மீசைக்குள் சிரித்துக்கொண்டே கோடாலியைக் கீழே வைத்தார். “பிள்ளைக எந்திரிக்கட்டும் கணக்கப்பிள்ள. அதுவரைக்கும் நாங்க கை வைக்க மாட்டோம்.”

உச்சிப்பொழுது சாய்ந்து ஜீப்பு வந்தது. முதலாளி சீட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். “கெளையக் கழிக்கச் சொன்னா அடியோட சாய்க்கப் பாத்தியேப்பா” என்று தலையில் கைவைத்தார். பிறகு பூசணிக்காய்த் தொட்டிலை விலக்கி, “இது யாரு பிள்ள?” என்றார்.

“ஒங்க காட்டுல பெறந்தது மொதலாளி. ஒங்க சாடைதான்” என்றாள் மதினி.

எங்களுக்கு உயிரே இல்லை. அவர்தான் முதலில் சிரித்தார். பதினொரு மரமும் நின்றன.

எண்பதுகளில் ஒரு வருசம் மழை பொய்த்தது. பக்கத்துத் தோட்டங்களில் ஏலம் கருகிப்போனது. எங்கள் ஊற்று இளைத்தது, ஆனால் நிற்கவில்லை. அக்கம்பக்கத்து லயத்துப் பெண்களெல்லாம் குடத்தோடு வந்து முட்டி மோதினார்கள். மதினி பாறைமேல் ஏறி நின்று சொன்னாள்: “தள்ளாதீக தாயி. இன்னைக்குக் கிடைக்காட்டி நாளைக்கு வாங்க. நாளைக்கும் இருக்கும்.”

மதினி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. போன மாசம் பேரன் ஜீப்பில் என்னை அங்கே கூட்டிப்போனான். குனிந்து ஊற்றுத் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தேன். இருக்கிற நாலு பல்லும் கூசின.