சின்னவளுக்கு ஒரு படம்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் புழக்கத்தில் இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் அவர் எக்ஸ்ரே. ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், பதினான்கு வருஷமாக மனிதர்களை உள்பக்கமாகப் படம் எடுக்கிறார். அங்கே வருகிறவர்கள் யாரும் சிரிப்பதில்லை. எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவதும் இல்லை. அந்த மனக்குறைக்குத்தான் விடுமுறை நாளில் வெளிப்பக்கமாகப் படம் எடுக்கிறார் என்பது அவர் மனைவியின் கட்சி. அவர் மறுத்ததில்லை. மறுத்துப் பழக்கமும் இல்லை.

கேமரா வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. கல்யாண வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மலை, அருவி, பறவை எதிலும் நாட்டமில்லை. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைகளும், அவற்றைச் சுற்றித் தூக்கம் கெட்டு நிற்கும் குடும்பங்களும்தான் வேண்டும். ஸ்டுடியோ என்று தனியாக ஒன்றும் கிடையாது. மூன்றாம் மாடி வீட்டின் முன்னறைதான். மேற்கு ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர். காலைப் பத்து மணிக்கு அதில் வெயில் விழுந்தால் முன்னறை முழுக்கப் பால் ஊற்றியது போல ஒரு வெளிச்சம் வரும், பதினொன்றரைக்குப் போய்விடும். அந்தக் கட்டடத்துக்காரர் சுவருக்குப் பச்சை அடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, எக்ஸ்ரே இரண்டு நாள் அவர் பின்னாலேயே அலைந்தார். மனிதர் தொல்லை தாங்காமல் வெள்ளையே அடித்துவிட்டார்.

படம் எடுக்கிற அன்று சோபா சமையலறை வாசல் வரை போகும். மின்விசிறிக்கு விடுப்பு. மூலையில் ஒரு ஹீட்டர். நடுவில் பெரிய பீன் பேக், அதன் மேல் ரப்பர் ஷீட், அதற்கும் மேல் போர்வை. ரப்பர் ஷீட் எதற்கென்றால், பிறந்த குழந்தைகளுக்குக் கலையின் மேல் மரியாதை கிடையாது. எப்போது நனைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லாது. தூங்கவைக்கத் தாலாட்டும் இல்லை. மருத்துவமனை எந்திரத்தின் விசிறி ஓடும் இரைச்சலைப் போனில் பதிந்து வைத்திருக்கிறார், அதைப் போட்டால் எப்பேர்ப்பட்ட பிள்ளையும் ஐந்து நிமிஷத்தில் சுருண்டுவிடும்.

பெரியவர்கள்தான் சிக்கல். குடும்பத்தை நிற்கவைத்துவிட்டுத் தொழில் பழக்கத்தில், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார். விடச் சொல்ல மறந்துவிடுவார். அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டுப் படங்களில் எல்லோரும் கன்னம் உப்பிக் கண் பிதுங்கி நிற்பது பரம்பரை வாகு அல்ல.

இத்தனைக்கும் வேலையில் சுத்தம். பதினான்கு வருஷத்தில் ஒரு படத்தில்கூட இடது வலது மாறியதில்லை, ஒருவர் முழங்கால் இன்னொருவர் உறையில் போனதில்லை. அதில் அவருக்கு நியாயமான கர்வம் உண்டு. அதைச் சோதிக்கவென்றே கொழுந்தியாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள்.

கொழுந்தியா பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். குழந்தைகளுக்கு மூன்று வாரம். திங்கட்கிழமை காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும், கணவனின் விடுப்பு அதோடு முடிகிறது. அந்தக் கணவர், அதாவது எக்ஸ்ரேயின் சகலை, விமான நிலையத்தில் பாஸ்போர்ட் சரிபார்க்கிறவர். முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். மீசையை எடுத்தவன், முடி கொட்டியவன், இருபது கிலோ ஏறியவன் எல்லோரையும் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுவிடுவார்.

சனிக்கிழமை படம். கொழுந்தியா, "என் மூஞ்சி வீங்கிக் கிடக்கு, என்னை விட்டுடுங்க அத்தான்" என்று படுக்கப் போய்விட்டாள். சகலைதான் தூக்கிவருவதும் கொண்டுபோவதும். முதலில் பெரியவள், மஞ்சள் குல்லா. பிறகு சின்னவள், வெள்ளைக் குல்லா. இரண்டும் சொன்னபடி தூங்கின. எக்ஸ்ரேவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் படங்களைக் கணினியில் போட்டு இமைமுடி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள் குல்லாக்காரியின் இடது இமைமேல் கடுகளவு சிவப்புப் புள்ளி. வெள்ளைக் குல்லாக்காரிக்கும் இடது இமை, கடுகளவு, சிவப்பு. திரையைத் துடைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பிறகு, இரண்டு படத்தையும் போனில் ஏற்றிக்கொண்டு, துணி காயும் பால்கனிக்குச் சகலையைத் தள்ளிக்கொண்டு போனார்.

"சகல, இது யாரு?"

"பெரியவ."

"இது?"

"சின்னவ. வெள்ளைக் குல்லா போட்டிருக்காளே."

"குல்லாவை விடுங்க, மூஞ்சியைப் பாருங்க. ரெண்டும் ஒரே ஆள்."

சகலை படத்தைப் பார்த்தார். காயப்போட்டிருந்த துண்டைப் பார்த்தார்.

"பெரியவ குல்லாவைக் கழட்டிட்டு ரெண்டு பேரையும் கட்டில்ல பக்கத்துல பக்கத்துல போட்டேன் அண்ணே. வெள்ளைக் குல்லாவை எங்கயோ வெச்சுட்டேன். தேடி எடுத்துட்டுத் திரும்பினா..."

"திரும்பினா?"

"ரெண்டும் ஒண்ணு போலவே இருந்துச்சு."

"அவங்க அம்மாவை எழுப்பிக் கேக்க வேண்டியதுதானே?"

"என்னன்னு கேக்கறது? இதுல எது எதுன்னா? நான் பாக்கற உத்தியோகத்துக்கு அவ காலம் பூரா சொல்லிக் காட்ட மாட்டா? அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் அண்ணே, உங்க கேமராவைக் காலா நினைச்சுக் கேக்கறேன்."

"எங்கிட்ட இதுவரைக்கும் கைகால்கூட மாறினதில்ல. இப்ப ஆளே மாறிப்போச்சு" என்று எக்ஸ்ரே தலையில் கைவைத்துக்கொண்டார். சின்னவளுக்கு ஒரு படம்கூட இல்லை. மீதி இருப்பது ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திலிருந்து பதினொன்றரை வரை.

ஞாயிறன்று மனைவி கடைக்குப் போனாள். கொழுந்தியா தலைக்குக் குளிக்கப் போனாள். இரண்டு ஆண்பிள்ளைகளும் திருடப் போகிறவர்கள் போல அறைக்குள் நுழைந்தார்கள். கட்டிலில் ஒன்று கண்ணை விழித்துக்கொண்டு அமைதியாகக் கிடந்தது. ஒன்று, இமையில் புள்ளி தேட முடியாதபடி முகத்தைச் சுருக்கிக்கொண்டு, கத்தி வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"கத்தறவதான் சின்னவ. பெரியவ நேத்து எவ்வளவு சமத்தா இருந்தா!" என்றார் சகலை.

"நிச்சயமா?"

"நூத்துக்கு நூறு."

முத்திரை குத்தியாயிற்று. தூக்கி வந்தார்கள். விசிறி இரைச்சல் பலிக்கவில்லை. தோளில் போட்டு நடந்தார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள், எக்ஸ்ரே தன் வயதுக்குப் பொருந்தாத சத்தங்களை எல்லாம் எழுப்பிக் காட்டினார். பிள்ளை வாயை மூடவில்லை. சரி, அழுகிற படமே ஆகட்டும் என்று நாற்பது எடுத்தார். நாற்பத்தொன்றாவதுக்கு அது களைத்துக் கண்ணை மூடியது. இடது இமை. சிவப்புப் புள்ளி.

எக்ஸ்ரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவளை எதுக்கு அத்தான் இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று கேட்டபடி, ஈரத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு கொழுந்தியா வாசலில் நின்றாள். "குளிக்கற இடத்துலேர்ந்தே தெரிஞ்சுது, இது அவ கத்தற கத்து. நேத்துதான் எடுத்தாச்சே?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சகலைதான் வாயைத் திறந்தார். குல்லா, கட்டில், புள்ளி எல்லாவற்றையும் கொட்டி முடித்து, "எனக்கு அடையாளம் தெரியல" என்றார்.

அவள் அந்தக் கடைசிப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "அப்போ சின்னவளுக்கு ஒரு படம்கூட இல்ல?"

சகலை ரப்பர் ஷீட்டின் மடிப்பை நீவிவிட்டார்.

"பொறந்ததும் ரெண்டாவதா. பால் குடிக்கறதும் ரெண்டாவதா. இதுலயும் அவளை விட்டுட்டீங்களா?" எக்ஸ்ரே ஹீட்டரின் வயரை ஆராய்ந்தார்.

சகலை மெல்ல, "கண்ணை மூடினா நீ புள்ளியைப் பாத்துச் சொல்லிடுவே. எனக்கு அதுவும் நேத்துதான் தெரியும்" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. "மொத வாரம் ஒருத்திக்கே ரெண்டு தடவை பால் கொடுத்துட்டு, இன்னொருத்தி ஏன் விடாம கத்தறான்னு உங்களைக் கேட்டேன், ஞாபகம் இருக்கா? நீங்க டாக்டருக்குப் போன் போடலாமான்னீங்க. நல்ல ஜோடி நாம."

ஜன்னலுக்கு வெளியே வெயில் சுவரின் ஓரத்துக்குப் போயிருந்தது. "இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றார் எக்ஸ்ரே. கொழுந்தியா உள்ளே போய்ச் சின்னவளை எடுத்துவந்தாள். குல்லா தேடவில்லை, புடவை மாற்றவில்லை, வீங்கிய மூஞ்சி பற்றியும் பேச்சில்லை. நைட்டியும் தலைத் துண்டுமாகப் பீன் பேக்கில் உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்ரே பெரியவளைத் தொட்டிலில் விட்டு வந்தார்.

சகலை பக்கத்தில் மண்டியிட்டுச் சின்னவளின் முகத்தைப் பார்த்தார். பின்னால் ஐம்பது பேர் வரிசையில் காத்திருந்தாலும் அவசரப்படாத பார்வை. நெற்றி, மூக்கு, மோவாய். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"இங்க பாரேன்" என்றார். "வலது காது ஓரம் மடிஞ்சிருக்கு, புத்தகத்துல பக்கத்தை மடிச்ச மாதிரி."

"எங்க? நான் பாத்ததில்லையே."

"இதோ. பெரியவளுக்கு இல்ல. இப்பத்தான் தோள்ல போட்டு அரைமணி நேரம் நடந்தேன், அவ காது என் வாய்கிட்டயே இருந்துச்சு. இவளுக்குத்தான்."

அவள் குனிந்து காதைப் பார்த்தாள். அவர் விரலை நீட்டிக் காட்டினார். சின்னவள் இருவரையும் சட்டை செய்யாமல் கொட்டாவி விட்டாள். எக்ஸ்ரே மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை, எதுவுமே சொல்லவில்லை. அமுக்கினார்.

அடுத்தடுத்து எடுத்தவற்றில் மூன்று பேரும் கேமராவைப் பார்த்து ஒழுங்காக இருந்தார்கள். ஆனாலும் அன்று சாயங்காலம் அச்சுக்கடைக்கு அவர் கொண்டுபோனது யாருமே கேமராவைப் பார்க்காத அந்தக் காதுப் படத்தைத்தான். பெரிய அளவில் போடச் சொன்னார்.

பெரியவளுக்கு அறுபது எழுபது படம் இருக்கிறது. எதிலும் அம்மா இல்லை, அப்பா இல்லை, குல்லாதான் இருக்கிறது. அவள் இதைக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வர இன்னும் நாலைந்து வருஷம் ஆகும் என்று எக்ஸ்ரே நிம்மதியாக இருக்கிறார்.