சமுதாயக் கூடம் நீங்கலாக

வங்கக் கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறும் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்த அதே நாளில்தான் எங்கள் பேரூராட்சிக் கட்டடங்களின் காப்பீடும் முடிவதாக இருந்தது. அலுவலகம், நூலகம், அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், சமுதாயக் கூடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாலிசி. அதைப் புதுப்பிக்கும் வேலை இளநிலை உதவியாளரான என்னுடையது. பழைய செயல் அலுவலர் மாற்றலாகிப் போய், புதியவர் பொறுப்பேற்பதற்குள் கோப்பு மேசையிலேயே தங்கிவிட்டது.

காலையில் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையிலிருந்து போன் வந்தது.

"மேடம், இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள பணம் ஏறியாகணும். ஒரு நாள் விட்டுப்போனாலும் அது புது பாலிசி ஆயிடும். புயல் எச்சரிக்கை இருக்கறப்ப புதுசா எதையும் எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர்."

"இப்பவே கட்டிடறோம் சார்."

"அதுக்கு முன்னாடி கட்டடங்களப் பாக்கணும். போன மழையில நூலகத்துக்கு இழப்பீடு வாங்கினீங்கல்ல? நேர்ல பாக்காம புதுப்பிக்க முடியாது. எங்க ஆய்வாளர் காஞ்சிபுரத்துலேர்ந்து கிளம்பிட்டாரு."

ஆய்வாளர் மழைக்கோட்டோடு பைக்கில் வந்து சேரும்போது மதியம் ஆகிவிட்டது. வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதாகச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். செயல் அலுவலர் ஜீப்பை எடுக்கச் சொன்னார். அந்த மேடம் தென்காசிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் கட்டடங்கள் பலவற்றை அவரும் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார்.

நூலகம், அங்கன்வாடி, சுகாதார நிலையம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார் ஆய்வாளர். நான் நொடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் பகல் ஷிப்ட். நாங்கள் குடியிருக்கும் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஷேர் ஆட்டோ ஓடுவதை நிறுத்திவிட்டால் எப்படிப் போய்ச் சேருவேன் என்ற கவலை வேறு.

கடைசியாகச் சமுதாயக் கூடம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியத் தொடங்கியிருந்ததால், கரையை ஒட்டிய லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்த குடும்பங்களைக் காலையிலேயே அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பாதிப் பேர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். உள்ளே பாய், மூட்டை, கைக்குழந்தைகள். பின்பக்கம் பெரிய குண்டானில் சாம்பார் சாதம் வெந்துகொண்டிருந்தது.

சுவர் உறுதியாகத்தான் இருந்தது. கூரை மட்டும் இரும்புச் சட்டத்தின் மேல் தகர ஷீட். ஆய்வாளர் பக்கவாட்டு ஏணியில் ஏறினார். ஒரு ஓரத்து ஷீட்டைக் கையால் தூக்கிப் பார்த்தார். அது காகிதம் போல மேலே வந்தது. அவர் கையை எடுத்ததும் படாரென்று விழுந்தது. இறங்கி வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், இந்தக் கட்டடத்த நான் சேக்க முடியாது."

"என்ன சார் இப்படிச் சொல்லுதிய?" என்றார் செயல் அலுவலர். "எல்லாத்துக்கும் சேத்து ஒரே பாலிசி. ஒண்ண மட்டும் விட்டா நாளைக்கு ஆடிட்ல என்னையில்லா கேப்பாங்க?"

"ஷீட்டப் புடிச்சிருக்கற போல்ட்டெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு. வடக்குப் பக்கம் பல எடத்துல போல்ட்டே இல்ல. இத நல்ல கூரைன்னு எழுதி எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

மற்ற கட்டடங்களாவது தப்பித்தால் போதும், சமுதாயக் கூடத்தை நீக்கிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஜன்னல் வழியே ஒரு குழந்தை என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தியது.

"அப்ப உள்ள இருக்கறவங்க சார்?"

"நான் கட்டடத்தப் பாக்கறதுக்குத்தான் வந்தேன்" என்றார் ஆய்வாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பொண்ணா இருந்தா உள்ள விட மாட்டேம்மா" என்றார்.

செயல் அலுவலர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நிமிடமே போனை எடுத்துவிட்டார். தாலுகா கட்டுப்பாட்டு அறை எண் எப்போதும் பிஸி. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. மிச்சம் இருந்தது சேரப்பணஞ்சேரி சாலையில் ஒரு தனியார் கல்யாண மண்டபம், கான்கிரீட் கட்டடம். அதன் உரிமையாளர் நாளைக்கு முகூர்த்தம் என்று தயங்கினார்.

"இந்தப் புயல்ல எந்த மாப்பிள சார் வரப்போறாரு?" என்று இவர் அதட்டியதில் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிடச் சம்மதித்தார்.

ஆனால் உள்ளே இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. குண்டான் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கரண்டியோடு வந்தாள்.

"காலைல தான் இட்டாந்து உட்டீங்க. சோறு வெந்துகினு கீது. இப்ப இன்னாத்துக்குப் போவணும்? எங்களப் பாத்தா எப்படிக் கீது உங்களுக்கு?"

உண்மையைச் சொன்னால் நெரிசலாகிவிடுமோ என்று நான் செயல் அலுவலரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நேராகவே சொல்லிவிட்டார்.

"இந்தக் கூரை காத்துக்குத் தாங்காதும்மா. எங்களுக்கே இப்பதான் தெரியும். சோத்த விடுங்க, அங்க நான் ஏற்பாடு பண்ணுதேன். பிள்ளைங்களத் தூக்குங்க."

அவள் மேலே பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டுத் தன் மாமியாரை எழுப்பப் போனாள். ஜீப்பிலும், குப்பை வண்டியிலும், யாரோ கூப்பிட்டு வந்த இரண்டு வேன்களிலும் ஆட்களை ஏற்றத் தொடங்கினோம்.

கடைசியில்தான் புதுச் சிக்கல் முளைத்தது. சில குழந்தைகளின் அம்மாக்கள் ஷிப்டில் இருந்தார்கள். அவர்கள் வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு சிறுமி தூணைக் கட்டிக்கொண்டு வர மறுத்தாள்.

"அம்மா இங்கதான் வரேன்னுச்சு. நான் வர மாட்டேன்."

கம்பெனி வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்குப் போன் செய்தேன். ஷிப்டை முன்னதாக முடித்துப் பஸ் அனுப்பப் போவதாகவும், உள்ளே உற்பத்தி லைனில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல முயல்வதாகவும் அவர் சொன்னார். முயல்வதாக என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பஸ் நேரே இங்கே வந்து அவர்களை இறக்கிவிடும். பூட்டிய கூடத்தைப் பார்த்தால் அவர்கள் என்ன ஆவார்கள்?

"நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க மேடம். நான் இங்க நின்னு அவங்க அம்மாங்கள அழைச்சிட்டு வரேன்" என்றேன். சிறுமியிடமும் அதையே சொன்னேன். அவள் என்னை முழுதாக நம்பாமல்தான் வண்டியில் ஏறினாள்.

எதிரே இருந்த ரேஷன் கடை வாசலில் நானும் ஆய்வாளரும் ஒதுங்கினோம். அவர் தன் அறிக்கையைப் போனிலேயே அனுப்பிவிட்டுக் கிளம்பினார். இனி நான் அவர் எனக்கு அனுப்பிய படங்களை நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றிப் பணத்தைக் கட்ட வேண்டும். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் கட்டத் தேவையான ஓடிபி எண் செயல் அலுவலரின் போனுக்குத்தான் போகும்.

"மேடம், நம்பர் வந்துச்சா?" என்று அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"வந்துட்டு. நாலு... ஏழு..."

காற்று இரைச்சலில் மீதி கேட்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னேன். கிளை மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மீண்டும் எண்ணைச் சொல்லத் தொடங்கியபோதுதான் கம்பெனி பஸ் வளைவில் திரும்பியது. சீருடையோடு பெண்கள் இறங்கி, நேரே கூடத்துக்கு ஓடிக் கதவைத் தட்டினார்கள். அந்த நேரத்தில் கூரையில் ஒரு ஷீட் எழுந்து எழுந்து அடித்துக்கொண்டிருந்தது.

"அப்புறம் சொல்லுங்க மேடம்" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன்.

"யக்கா, எம் பொண்ணு எங்கக்கா? எங்க இட்டுகினு போனீங்க?"

அவர்களில் ஒரு பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவளைக் கூடத்தை விட்டு நகர்த்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. செயல் அலுவலருக்கு வீடியோ அழைப்பு போட்டு, குழந்தையைக் காட்டவைத்த பிறகுதான் அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். டிரைவரைக் கெஞ்சி, அதே பஸ்ஸில் எல்லோரும் மண்டபத்துக்குப் போனோம். ஓடிபியை மறுபடி கேட்டு வாங்கிப் பணத்தை நான் கட்டியது அந்த பஸ்ஸின் படிக்கட்டில் நின்றபடிதான். கிளையிலிருந்து உறுதிச் செய்தி வரும்வரை போனை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தது. சமுதாயக் கூடம் நீங்கலாக மற்றவை புதுப்பிக்கப்பட்டிருந்தன. ஜீப்பில்தான் என்னை வீட்டில் கொண்டுவிட்டார்கள்.

மறுநாள் காற்று ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தோம். கூடத்தின் வடக்குப் பக்கக் கூரை முழுதும் உள்ளே விழுந்திருந்தது. ஒரு இரும்புச் சட்டம் தரையில் குறுக்கே கிடந்தது. செயல் அலுவலர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

நூலகக் கண்ணாடிகளுக்கும் அங்கன்வாடிச் சுவருக்கும் இழப்பீடு கிடைத்தது. கூடத்துக்குக் கிடைக்கவில்லை. ஏன் அதை மட்டும் நீக்கினீர்கள் என்று தணிக்கையில் கேட்டார்கள். கூரை பழுது என்று எழுதினோம். பழுது என்றால் ஏன் முன்பே சரிசெய்யவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது. எப்படி மழுப்பி எழுதலாம் என்று பேசிப் பார்த்தோம். கடைசியில், யாரும் ஏறிப் பார்க்கவில்லை என்றே செயல் அலுவலர் எழுதச் சொன்னார். அதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதிவிட்டார்.

இந்த வருடம் நேரில் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று கிளையில் சொன்னார்கள். இருந்தாலும் வரச் சொல்லி நானே அந்த ஆய்வாளரைக் கூப்பிட்டேன். போன வாரம் வந்தார். அங்கன்வாடி மாடியில் அவர் நடப்பது கீழே கேட்டது. உள்ளே பிள்ளைகள் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஏணியைப் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இறங்கி வந்து, "நல்லாருக்கும்மா" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.