மாமனாரின் கிட்னியும் கருவாட்டுப் பேரமும்

என் மாமனாருக்குக் கால் வீங்கியபோது, புதுச் செருப்புதான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்தோம். செருப்பை மாற்றினோம். வீக்கம் போகவில்லை. அப்புறம் முகமும் வீங்கியது. முகத்துக்குச் செருப்பைக் குறை சொல்ல முடியாதே என்று, அவரையும் அத்தையையும் நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு அழைத்து வந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன்.

எங்கள் டாக்டர் எங்களை மதுரைக்கு அனுப்பிச் சோதனைகள் எடுக்க வைத்தார். முடிவு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரெண்டு கிட்னியும் ரொம்பக் கெட்டுப்போச்சு.”

“மாமாகிட்டச் சொல்லிராதீங்க சார். அவிய தாங்க மாட்டாவ” என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அவரு காலையிலயே வந்து, ‘எங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லிராதிய, பயந்த சுபாவம்’னுட்டாரு. உங்க அத்தை நர்சைப் பிடிச்சு, ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதுங்காவ. எல்லாருக்கும் மறைச்சுட்டு நான் என்ன சுவத்துக்கிட்டயா சொல்ல?”

மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மாமனார் கையை உயர்த்தினார்.

“டாக்டரய்யா, கிட்னி எங்கிட்டல்லா இருக்கு? அவருகிட்ட ஏன் பேசுதிய?”

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி அண்ணாச்சி. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மதுரையில மெஷின். ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள விடும். வாரத்துக்கு ரெண்டு தடவை போகணும், இருக்கிற வரைக்கும். இன்னொண்ணு, மெஷின் இல்லாம மாத்திரையும் பத்தியமும். வீக்கம், மூச்சுத்திணறல் வந்தா நான் பார்த்துக்கிடுதேன். ஆனா கிட்னி தேறாது.”

“பாதியில கரண்டு போயிட்டா, எடுத்த ரத்தம் எங்க நிக்கும்?” என்றாள் அத்தை.

“கையால சுத்துறதுக்குப் பிடி இருக்கு.”

மாமனார் என் கைகளை ஒருமுறை பார்த்தார். “வேண்டாம்” என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, “உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க” என்றார்.

மாமனார் கொஞ்சம் யோசித்தார். “பஸ்சுலயே காலம் போயிரும்யா. பருத்தி வெடிக்கயில நான் புஞ்சையில நிக்கணும். மெஷின்ல போனா ரொம்ப நாள் இருப்பனா?”

“உங்க வயசுக்கும், இருதயம் இருக்கிற இருப்புக்கும், இருப்பீயன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இப்ப வேண்டாம்னாலும் மனசு மாறினா வந்து சொல்லுங்க.”

“பத்தியமே போதும்.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் மட்டும் கலங்கவே இல்லை, டாக்டர் பத்தியத்தைச் சொல்லும்வரை. உப்பு குறைக்கணும், ஊறுகாய் ஆகாது, கருவாடு கூடவே கூடாது.

“கருவாடுமா?” குரல் உடைந்துவிட்டது.

சட்டென்று தோளிலிருந்த துண்டை உருவி, டாக்டரின் கையைப் பிடித்து மேலே போர்த்தினார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ, அதுதான் கணக்கு. டாக்டரும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது, கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாமனார் பிடித்ததற்கு அவர் தலையாட்டி மறுத்தார். அவர் பிடித்ததற்கு மாமனார் ‘ம்ஹும்’ என்றார். உள்ளே வந்த நர்ஸ் நாடி பார்ப்பதாக நினைத்து, சத்தம் போடாமல் நின்றாள். துண்டு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் டாக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: “மாசத்துக்கு ஒரு துண்டு கருவாடு. அதுவும் தண்ணியில நல்லா ஊறப்போட்டு.”

நல்ல காளையைப் பிடித்தவர் மாதிரி நடந்து வெளியே வந்தார் மாமனார்.

ஊர் திரும்பியதும், தனியாக ஒரு உலை வைக்க முடியாது என்று அத்தை வீடு முழுவதற்கும் அரை உப்பில் சமைத்தாள். தங்க வந்த சொந்தக்காரர்கள் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, அவசர வேலை நினைவுக்கு வந்து சாயங்கால பஸ்சைப் பிடித்தார்கள்.

இரண்டு வெள்ளாமை பார்த்தார் மாமனார். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டாக்டர் ஊருக்கே வந்து, மெஷினைப் பற்றி மறுபடியும் கேட்டார். வேண்டாம் என்றதும் வற்புறுத்தாமல், மூச்சு லேசாவதற்கு மருந்து கொடுத்தார். ஒரு மத்தியானம் கட்டிலில் படுத்துக்கொண்டு, இந்த வருஷ வெயில் அதிகமா போன வருஷ வெயில் அதிகமா என்று அத்தையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம்தான் என்றாள் அத்தை. எதிர்ப்பேச்சு வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள்.

அவர் போயிருந்தார்.