உப்புத்தண்ணீர் வைத்தியம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்; பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மராட்டி ஊரான தாபோடியில் எங்கள் வீட்டிலிருந்து ராணுவ ஆஸ்பத்திரி சைக்கிளில் போகும் தூரம். அதை விட்டுவிட்டு, "நம்ம தமிழ் டாக்டர்ப்பா, நோயை நம்ம பாஷையில சொல்லலாம்" என்று அவரைத் தெருக்கோடி கிளினிக்குக்கு அழைத்துப் போன மேதை நான். சுத்தமான தமிழில் சொன்னோம். சுத்தமான தமிழில் ஏமாந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம். குரல் கம்மல்தான் முதல் அறிகுறி. அப்பா பரேடு பயிற்சி கொடுத்தவர். அவர் "சாவ்தான்" (அசையாமல் நில்) என்றால் தெருநாயும் விறைத்து நிற்கும். கணபதி ஊர்வலத்தில் கூட்டம் முட்டினால், மராட்டிப் பையன்கள் அவரைத்தான் கூப்பிட ஓடி வருவார்கள்.

டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்தார். "சுபேதார் சார், ஆயுசு பூரா கத்தினா தொண்டை சும்மா இருக்குமா? உப்புத்தண்ணியில கொப்பளிங்க."

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான். வீட்டுக்கு வந்து அந்தக் கம்மல் குரலில் பரேடு நடத்திக்கூடக் காட்டினேன். அப்பாவும் சிரித்தார்.

கோடை வந்தும் உப்புத்தண்ணீர் ஓயவில்லை. போகும்போதெல்லாம் அதே டார்ச், அதே ஜோக். சோறு இறங்காமல் போன பிறகுதான் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே லாரிங்கோஸ்கோப்பி (குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்ப்பது), பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). குரல்வளையில் புற்று. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அங்கிருந்த டாக்டர், ஒரு பெண் மேஜர், இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி நன்றாகவே தெரியும். அன்று மறந்துவிட்டது.

குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விட நிரந்தரமாக வைக்கும் துளை) வைத்தார்கள். அதைச் சுத்தம் செய்ய உங்களுக்கும் கற்றுத் தருவார்கள். முதலில் அரை மணி நேரம் பிடிக்கும். பிறகு பல் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். இருமினால் சளி கழுத்து வழியாக வரும். முகம் சுளிக்காதீர்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா கைதட்டிப் பேசப் பழகினார். இரண்டு தட்டு என்றால் டீ. குடியரசு தினத்தன்று காலனிக் கொடிக்கம்பத்தடியில், மஃப்ளர் சுற்றிய கழுத்தோடு நின்று ஒரே ஒரு தட்டு தட்டினார். காலனி மொத்தமும் விறைத்தது. முன்வரிசையில் டாக்டரும் விறைத்து நின்றார். எனக்கு அது போதவில்லை.

"அந்த ஆளைப் பத்தி அப்பா ஒண்ணுமே சொல்றதில்லையேம்மா?" என்று அன்று கேட்டேன்.

"சொல்றதுக்குத் தொண்டைய எங்கடா விட்டு வச்சான்?" என்றாள் அம்மா.

போதுமே, எனக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. ஆகுர்டியில் நான் வேலை பார்த்த ஃபாக்டரி விடுமுறை விட்ட நாளெல்லாம் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிபோல் உட்கார்ந்தேன். கம்மல் குரலோடு யார் வந்தாலும், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் விட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தேன். கம்பவுண்டர் விரட்டுவார், வாசலில் நின்று ஓதுவேன். உங்களுக்கும் அதையே ஓதுகிறேன்: கம்மல் வாரக்கணக்கில் நீடித்தால் டார்ச்சை நம்பாதீர்கள்.

புற்று நுரையீரலுக்குப் பரவியது. அப்பா போய்விட்டார்.

இன்றும் காலையில் குளியலறையில் "சாவ்தான்" என்று கத்தி என் குரலைச் சோதிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு வேறு நோய் என்று நினைக்கிறார்கள். என் தொண்டை இப்போது எனக்கு வாடகை வீடு. எப்போது காலி செய்யச் சொல்வார்களோ தெரியாது. காலத்தையும் வருடமாக நினைப்பதில்லை. குரல் இருந்த காலம், கைதட்டிய காலம், சத்தமே இல்லாத காலம். அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் மளிகைக்கடையில் டாக்டர் எதிரே வந்தார். "என்னப்பா, சௌக்கியமா?" என்றார். குரல் கம்மியிருந்தது.

இத்தனை வருடம் காத்திருந்த வாய் சும்மா இருக்குமா? "டாக்டர், ஆயுசு பூரா ஊரை ஏமாத்தினா தொண்டை சும்மா இருக்குமா? உப்புத்தண்ணியில கொப்பளிங்க."

அவர் சிரிக்கவில்லை. வீடு வரை எனக்கு இனித்தது. மறுநாள் காலை "சாவ்தான்" சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய கம்மல்தான் காதில் கேட்டது. நேரே கிளினிக்குக்குப் போனேன்.

"டாக்டர், நேத்து சொன்னதை விடுங்க. உங்க தொண்டையக் குழாய் விட்டுப் பாத்துடுங்க."

அவர் நிமிராமலே சொன்னார்: "கம்மின மறுநாளே பாத்துட்டேன்."