மைக்செட் வாயடைத்த வருஷம்

பஸ் டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் மைக்செட். கண்டக்டர் வேலைக்கு வந்த முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பின்வாசலில் நின்று ஸ்டாப் பெயரைச் சொன்னால், முன்சீட்டில் தூங்குகிறவன் அடித்துப் பிடித்து எழுந்து இறங்கிவிடுவான். அது அவன் ஸ்டாப்பாக இல்லாவிட்டாலும் இறங்கிவிடுவான்! அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கை, கால், முதுகு என்று எத்தனையோ இடம் இருக்க, கட்டி வந்தது தொண்டையில்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயப்படுகிற மாதிரியான கட்டி இல்லை என்றார்கள். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் போன கட்டி சும்மா போகவில்லை, குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் நரம்பு ஒன்று அசையவில்லை, தினமும் பயிற்சி செய்யுங்கள், சில மாதத்தில் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். வராமலே போகலாம் என்பதை மனைவியிடம் தனியாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு மனசில் இருப்பதை ஒளிக்கத் தெரியாது. முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

டிப்போ மேனேஜர் வீட்டுக்கே வந்தார். "ஒரு வருஷம் லீவுக்கு நான் பொறுப்பு. அதுக்குள்ள குரல் வந்து, மெடிக்கல் போர்டு முன்னாடி ஸ்டாப் பேரெல்லாம் சொல்லிக் காட்டிட்டீங்கன்னா மறுபடி பஸ்ல ஏறலாம். இல்லேன்னா டயர் குடோன்தான். என் கையில எதுவும் இல்ல, பாத்துக்குங்க."

டயர் குடோன்! ஜன்னல் கிடையாது, ஆள் கிடையாது, நாள் முழுக்கப் பழைய டயருக்கு நடுவில் ஒரு ஸ்டூல். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் வாயாடிப் பழகியவர் அங்கே யாரிடம் பேசுவது?

மனைவி பேக்கரியில் வேலை பார்ப்பவள். விடியுமுன் போனால் மத்தியானம் தாண்டித்தான் திரும்புவாள். அவள் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். அது உதவவில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டையை எழுதிப் போட முடியுமா? இவர் முதல் வரியை எழுதி நிமிர்வதற்குள் அவள் மூன்று விஷயம் தாண்டிப் போயிருப்பாள். அப்புறம் கண்டக்டர் விசிலை எடுத்தார். ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் போகலாம். சோறு போதும் என்பதற்கு ஒன்று, குளித்துவிட்டேன் என்பதற்கு இரண்டு. ஒரு வாரம் பொறுத்தாள். அவள் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஒற்றை விசில் ஊதினார் பாருங்கள், அன்றைக்குப் போன விசில்தான். எங்கே ஒளித்தாள் என்று கடைசிவரை தெரியவில்லை.

இந்த லட்சணத்தில், பட்ட காலில் இன்னொரு அடி. மாமனார் பெட்டியோடு வந்து இறங்கினார்.

அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மகனோ கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டான். மகள் வீடு தவிரப் போக்கிடமில்லை. மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிப் பல வருஷமாகிறது. குடும்பத்தில் அதற்குப் பெயரே ‘பஸ் விவகாரம்’. மாமனார் ஒருநாள் மாப்பிள்ளையின் பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறினார். செக்கர் ஏறி டிக்கெட் கேட்டார். மாமனார் கையில் டிக்கெட் இல்லை. பெரிய வாக்குவாதமாகி, மனுஷன் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார். 'என் மானம் கப்பலேறினப்போ பின்னாடி நின்னு வேடிக்கை பாத்தான்' என்பது மாமனார் கட்சி. 'டிக்கெட் என்கிட்ட இருக்குன்னு கத்தினேன், மதிக்காம செக்கரோட மல்லுக்கட்டி எனக்கு மெமோ வாங்கிக் கொடுத்தாரு' என்பது மாப்பிள்ளை கட்சி. அன்றிலிருந்து எலியும் பூனையும்தான்.

இப்போது மாமனாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மில்லில் தறி ஓட்டிய மனுஷர், தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. வயசான பிறகு வந்த கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். காதில் வைக்கிற மெஷின் ஒன்று உண்டு. அது கீச்சுக்கீச்சென்று கத்துகிறது என்று அலமாரியில் போட்டுவிட்டார். ஆக, பேச முடியாத மாப்பிள்ளை ஒரு நாற்காலியில், கேட்க முடியாத மாமனார் எதிர் நாற்காலியில், நடுவில் சத்தமில்லாமல் ஓடுகிற டிவி. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது மனைவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

ஒரு வாரம் போனது. அன்று டிவியில் கால்பந்து ஆட்டம். வலைக்கு முன்னால், யாருமே இல்லாத இடத்தில், ஒருவன் பந்தை வானத்துக்கு உதைத்தான். மைக்செட் பழக்க தோஷத்தில் அவனைக் கண்டபடி திட்டினார். சத்தம் ஏது? உதடு மட்டும் அசைந்தது.

"அவன் அப்படித்தான். போன ஆட்டத்துலயும் இதே மாதிரி கோட்டை விட்டான்" என்றார் மாமனார்.

மைக்செட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்கே கேட்காத பேச்சுக்குப் பதில் வருகிறதே! மெதுவாகத் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: "நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எங்க கேக்குது? தெரியுது. தறி ஓடுற இடத்துல காதுகிட்ட வந்து கத்தினாலும் கேக்காது மாப்பிள்ளை. மில்லுல நாங்க எல்லாரும் உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம். அந்தக் கோடியில இருக்கறவன் இந்தக் கோடியில இருக்கறவனோட குடும்பக் கதையே பேசுவான்."

மைக்செட்டுக்கு ஆனந்தம் பொங்கியது. பேச ஆள் கிடைத்துவிட்டது! அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. இந்த ஒரு வாரமாக எதிர் நாற்காலியைப் பார்த்து, யாருக்குக் கேட்கப் போகிறது என்ற தைரியத்தில், அவர் முணுமுணுத்தது கொஞ்சமா நஞ்சமா?

"அப்போ... இவ்வளவு நாளா நான்..."

"ஆமா. செவிட்டுக் கிழம்னீங்க. தண்டச்சோறுன்னீங்க. நேத்து ஒண்ணு சொன்னீங்களே, அதை என் வாயால சொல்ல மாட்டேன்." மாமனார் மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். கணக்குச் சரியாப் போச்சு."

அன்று மாலை மனைவி வந்தபோது ரெண்டு பேரும் ஆட்டத்தைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சத்தம்தான் கேட்டது. அவள் கைப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை, திருவிழாக் கூட்டம்தான்! காது கேட்காதவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. மைக்செட் சத்தமே இல்லாமல் ஒன்றைச் சொல்ல, மாமனார் அதைக் கட்டடம் முழுக்க ஒலிபரப்பினார். மேல்மாடியில் வீட்டு ஓனர். அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இவர்கள் சமையலறைக் கூரையில் ஒழுகி, கீழே வைத்த வாளியில் நிரம்பிக்கொண்டிருந்தது. கேட்டால் நாளைக்கு என்பார். அந்த நாளை வரவே இல்லை. ஒருநாள் ஓனர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்து, பரிவாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் முதுகைப் பார்த்து மைக்செட் உதட்டை அசைத்தார்.

"மாப்பிள்ளை என்ன சொல்றாருன்னா," என்று மாமனார் முழங்கினார், "இந்த ஆளு மகாக் கஞ்சனாம்! வாளி நிரம்புறதைப் பாக்கவா வர்றாரு, விசாரிக்க வர்ற சாக்குல நம்ம வீட்டு டீயைக் குடிக்கத்தான் வர்றாராம்!"

மாடிப்படியில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. மைக்செட் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிலேட்டை எடுத்து மறைத்துக்கொண்டார். ஓனர் விறுவிறுவென்று மாடி ஏறிப் போனார். மறுநாள் காலையில் பிளம்பர் வந்து நின்றான்!

போகப் போக மாமனாருக்குத் துளிர்விட்டுவிட்டது. மைக்செட் சும்மா கொட்டாவி விட்டால்கூட, "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை தூக்கலா ஒரு டீ வேணுமாம்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். டீ வந்ததும் இந்தக் கை மாறி அந்தக் கைக்குப் போய்விடும். மகள் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"அப்பா, அவரு சர்க்கரையே போட்டுக்க மாட்டாருப்பா! டாக்டர் யாருக்கு இனிப்பு கூடாதுன்னு சொன்னாரு, அவருக்கா உங்களுக்கா?"

"என்னம்மா சொல்ற? காது கேக்கலையே" என்றார் அப்பா. மைக்செட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் நீர் வர சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். மனைவி கோபத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பெய்த ஒரு மத்தியானம், ரெண்டு பேரும் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒழுகாத கூரையைப் பெருமையாக அண்ணாந்து பார்த்துக்கொண்ட மாமனார், திடீரென்று கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, அன்னிக்கு பஸ்ல ஏன் வாயே திறக்கல நீங்க?"

மைக்செட் கத்தியைக் கீழே வைத்தார். "திறக்கலையா? தொண்டை கிழியக் கத்தினேன் மாமா! நீங்க ஏறினதுமே உங்களுக்கு டிக்கெட் போட்டு என் பையில வச்சிருந்தேன். மாமா டிக்கெட் என்கிட்ட இருக்கு, என்கிட்ட இருக்குன்னு எத்தனை தடவை! கூட்டத்தைத் தாண்டி வர முடியல. பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பாத்துச்சு, நீங்க மட்டும் திரும்பல!"

மாமனார் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாரும் திரும்பினாங்க, ஞாபகம் இருக்கு" என்றார். அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. "ஒரு மனுஷன் அசிங்கப்படுறதைப் பாக்கச் சங்கடப்பட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னு நெனச்சேன். எனக்கு அப்பவே காது போயிடுச்சு மாப்பிள்ளை. யாருக்கும் சொல்லல. மில்லுல தெரிஞ்சா மெஷின்ல நிக்க விட மாட்டாங்க, வாசல் கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சுடுவாங்கன்னு பயம்."

டயர் குடோனுக்குப் பயந்து கிடந்தவருக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடக் கடவுளே, ஒரு வாய்ச்சொல் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்குப் போய்ச் சேர இத்தனை வருஷமா! மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். நறுக்கியது வெங்காயம் என்பதால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வருஷம் மட்டும் யாருக்காகவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் மைக்செட் நேராக உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி மூச்சை இழுத்து 'ம்' என்று இழுப்பார். காற்று வரும். மறுபடி இழுப்பார். மறுபடி காற்று. மெடிக்கல் போர்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்றபோது பயிற்சியை விட்டுவிட்டார்.

"போதும் மாமா. டயருக்குப் பேச்சுத்துணை வேண்டாம். நான் அங்கயே போயிடறேன்."

"எந்திரிச்சு உக்காருங்க" என்றார் மாமனார். "தறி சரியா ஓடுதான்னு எங்களுக்குக் காதால தெரியாது. கையை வச்சுத்தான் பாப்போம். கழுத்தைக் காட்டுங்க." உள்ளங்கையை மாப்பிள்ளையின் தொண்டைமேல் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. மாமனார் விடவில்லை. விடிந்தால் பல் தேய்க்குமுன் கையோடு வந்து நின்றார்.

ஒரு விடுமுறை நாள் காலை. மனைவி வீட்டில் இருந்தாள். மைக்செட் வேண்டாவெறுப்பாக 'ம்' என்றார். மாமனார் கண்ணைத் திறந்தார்.

"இருங்க! இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை.

"ஓடுது! உள்ள ஓடுது மாப்பிள்ளை! ஏ அம்மா, ஓடி வா, ஓடுது!"

கட்டடமே ஓடி வந்தது. ஓனர் பாதி சவரம் செய்த முகத்தோடு வந்தார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மைக்செட் 'ம்' என்றார். யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. பெரியவர் ஆசையில் உளறுகிறார் என்று முகங்கள் தாழ்ந்தன. மனைவி மட்டும் அப்பாவின் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்! ஆமாம், விரலுக்கடியில் மெலிசாக, ஏதோ அதிர்ந்தது. அந்த வீட்டில் அந்தக் குரலை முதலில் கண்டுபிடித்தவர், காது கேட்காத அந்த ஒரே ஆள்தான்.

அந்த வாரத்திலேயே அது எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச்சிட்டது. அப்புறம் கரகரத்தது. போர்டு நாளன்று மைக்செட் எழுந்து நின்று முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரை மூச்சுவிடாமல் சொன்னார். பழைய குரலில் பாதிகூட இல்லை. ஆனால் அறையின் கடைசி நாற்காலிவரை கேட்டது, அது போதும் என்றார்கள்.

மறுபடி பஸ்ஸில் ஏறிய முதல் நாள். மனைவி விசிலைக் கையில் கொடுத்து அனுப்பினாள். எங்கிருந்து எடுத்தாள் என்று இவர் கேட்கவில்லை. மூன்றாவது ஸ்டாப்பில் முன்வாசல் வழியாக மாமனார் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஸ் நிறையக் கூட்டம்.

மைக்செட் பின்வாசலிலிருந்து கத்தவில்லை. ஒற்றை விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்திவிட்டு, எல்லோரையும் இடித்துக்கொண்டு, முழு நீளமும் நடந்து முன்னால் வந்தார். மாமனாருக்கு நேராகக் குனிந்து, டிக்கெட்டைக் கையில் வைத்து, வந்த குரலைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தார்.

"மாமா, உங்க டிக்கெட்."

மாமனார் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, பஸ் முழுக்கக் கேட்கும்படி முழங்கினார்:

"எல்லாரும் பாத்துக்குங்க! என் மாப்பிள்ளை எனக்கு டிக்கெட் போட்டுட்டாரு!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மைக்செட் ரெண்டு விசில் ஊதினார்.